என் மனைவியின் பெயரில் ஒரு வண்டி

எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு கஃபே ரேசர் நிற்கிறது. கறுப்பு நிறம், பழுப்பு சீட், வட்டமான ஒற்றை விளக்கு. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அதை ஓட்ட முடியாது, விற்க முடியாது, சட்டப்படி அப்படி ஒரு வண்டியே உலகத்தில் கிடையாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வதில்லை.

கஃபே ரேசர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு குளிர்தேசத்தில், ஒரு காலத்தில், இளைஞர்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் பந்தயம் கட்டி ஓட்டினார்களாம். வேகத்துக்காக மோட்டார் சைக்கிளில் தேவையில்லாததை எல்லாம் கழற்றி எறிந்தார்களாம். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டைக் குறுக்கி, அதன் பின்னால் மாட்டுக்கு இருப்பதுபோல ஒரு திமில் வைத்து, கிட்டத்தட்டக் குப்புறப் படுத்துக்கொண்டு போவது. டீக்கடை விஷயத்தில் திண்டுக்கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மட்டுமே ஒரு முழுப் பந்தயத்துக்குக் கடைகள் உண்டு. குறை என்னிடம்தான். வயது ஐம்பத்திரண்டு. இடுப்பில் டிஸ்க் விலகல். கைவசம் இருந்தது நூறு சிசி வண்டி. அது அறுபதைத் தாண்டினால் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டும்.

அந்த வண்டி கல்யாணத்தில் வந்தது. கல்லூரி நாட்களில் வரதட்சணைக்கு எதிராக மேடையேறிப் பேசியவன் நான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அந்தப் பேச்சை ஒரு வரி குறைக்காமல் பேசினேன். மாமனாருக்குச் சாணார்பட்டிப் பக்கம் தென்னையும் கத்தரியும் விவசாயம். துண்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டப வாசலில் ஒரு புது வண்டி மாலை போட்டு நின்றது.

"இது வரதட்சணை இல்ல மாப்ள. எம் மக நடக்கக் கூடாதுல்ல, அதுக்கு" என்றார்.

நான் என் கொள்கையோடு அந்த வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்தபோதுதான் வண்டி மகள் பெயரில் இருப்பது தெரிந்தது. அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கேட்டதற்கு, மாப்பிள்ளை பெயரில் போட்டால் அது வரதட்சணை ஆகிவிடுமே என்று எனக்கே விளக்கினார். என் மேடைப் பேச்சை என்னைவிடக் கவனமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆக, கால் நூற்றாண்டாக நான் ஓட்டியது என் மனைவியின் வண்டி. போலீஸ் மறித்துப் புத்தகம் கேட்கும்போதெல்லாம் "வீட்டுக்காரம்மா பேர்ல சார்" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன், மனைவியின் தம்பிகளான என் மைத்துனர்கள் இருவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்காவைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குப் பங்கு வேண்டாம், தம்பிகளே அனுபவிக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. பத்திர ஆபீசுக்கு நான்தான் இந்த வண்டியில் கூட்டிப்போனேன். கையெழுத்துப் போட்டாள், தம்பிகள் வாங்கித் தந்த பாதாம்பாலைக் குடித்தாள், பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இனிமே எம் பேருல இந்த வண்டி மட்டுந்தான் இருக்கு, என்னங்க."

வீடு என் பெயரில் இருக்கிறது. கேஸ் இணைப்பு என் பெயரில். அவள் சொன்னது புகார் மாதிரியே தெரியவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள். நானும் தகவலாகவே எடுத்துக்கொண்டேன். ரயில் போனது, கேட் திறந்தது, வீட்டுக்கு வந்தோம்.

மனிதர்களுக்கு ஐம்பது வயதில் ஒன்று சர்க்கரை வரும், அல்லது ஆன்மிகம் வரும். எனக்குச் சர்க்கரை நேரத்துக்கு வந்தது. ஆன்மிகம் வரவேண்டிய இடத்தில் கஃபே ரேசர் வந்தது. இடுப்புவலிக்காக ஒரு மாதம் விடுப்பில் படுத்திருந்தபோது போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் வீட்டுக் கொட்டகையில், துருப்பிடித்த வண்டி ஒன்றை இருபது நிமிடத்தில் தேவலோக வாகனமாக மாற்றினார். அவருக்கு வேர்ப்பதே இல்லை. ஒரு ஸ்க்ரூ கூடக் கீழே விழுந்து காணாமல் போவதில்லை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும் என்று தோன்றியது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு எண்ணமே காரணம்.

வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வருடமும் அதுதான். பதினைந்தாம் வருடத்தில் ஒரு தடவை, இருபதாம் வருடத்தில் ஒரு தடவை புதுப்பித்தாயிற்று. இது மூன்றாவது. எப்படியும் இஞ்சின் வேலை செய்து பெயின்ட் அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதோடு சேர்த்து இதையும் செய்துவிடலாம் என்று நியாயம் கண்டுபிடித்தேன். நியாயம் கண்டுபிடிப்பது என் தொழில். இருபத்தாறு வருடமாக ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாகன இழப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மனைவியிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். செத்த நேரம் பார்த்தாள்.

"இதுல எனக்கு எங்க எடம்?"

திமிலை நான்கு போல்ட் போட்டு மாட்டுவோம், அவள் வரும் நாட்களில் கழற்றிவிட்டால் கீழே சின்ன மெத்தை இருக்கும் என்றேன்.

"புக்குல எம் பேரு அப்படியே இருக்கும்ல?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அவரைக்காய்க்குத் திரும்பினாள். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் மாமனார் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வயது எண்பதை நெருங்குகிறது. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய மைத்துனர் வீட்டில் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். ஞாயிறுதோறும் நாங்கள் வெஞ்சனம் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தோம். வண்டியைப் பிரித்த பிறகு பஸ்ஸில் போனோம். வண்டி வேலைக்கு விட்டிருக்கிறது என்று அவரிடம் சொன்னோம். "நல்லா செய்யிங்க மாப்ள. அவ வண்டில்ல" என்றார்.

பிரிப்பது சுலபம். அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கப் பெட்டிகள், மட்கார்டு, நீள சீட், எல்லாம் ஒரே காலையில் வந்துவிட்டன. சேலை கார்டு மட்டும் வரவில்லை. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கம்பி வலை இருக்குமே, அதுதான். அதன் போல்ட் துருவேறி, வண்டியின் எலும்புக்கூடான சேசிசோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், தட்டினேன், கடைசியில் அறுத்தேன். அந்தக் கம்பியில் என் மனைவியின் செருப்பு கால் நூற்றாண்டாக உரசி ஓர் இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.

வருடக்கணக்காக வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. நத்தம் ரோட்டில் கடை. இஞ்சின் வேலைக்கு வீட்டுக்கே வந்தார். சந்தில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நல்லா ஓடுன வண்டிய எதுக்குண்ணே கொன்னீங்க?"

அவரிடம் வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். அந்த வெள்ளைக்காரருக்கு வேறு வண்டி இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு இஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார்.

லேத் பட்டறையில் வண்டியின் வாலை அறுத்து வளைகம்பி வைத்து ஒட்டினார்கள். சீட் கவர் கடைக்காரர் திமிலைப் பார்த்துவிட்டு இது மருத்துவ காரணத்துக்காகவா என்று மரியாதையாக விசாரித்தார். எனக்கென்று நான் ஒதுக்கி வைத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: சேசிசைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. வீடியோவில் அது மிகவும் தத்துவார்த்தமான வேலையாகத் தெரிந்தது.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாமனார் காலை பஸ்ஸில் வருவார். கையில் சந்தன வில்லை, குங்குமப் பொட்டலம், தோட்டத்துப் பூ. வண்டியைக் கழுவச் சொல்லி, ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில், வலது பக்கம், கட்டைவிரல் நீளத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைப்பார். வேறெங்கும் வைக்க மாட்டார். பழைய பொட்டை அழிக்கவும் விடமாட்டார். அதன் மேலேயே வைப்பார். அப்படியே இருபத்து நான்கு வருடம். ஆயில், தூசி, வெயில் எல்லாம் சேர்ந்து அது ஒரு பெரிய காலாணி போலக் கெட்டிப்பட்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல் வரும். படித்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும் எரிச்சல்.

கிரைண்டிங் மெஷினை எடுத்தேன். பொறி பறக்கும், கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று வீடியோக்காரர் வற்புறுத்தியிருந்தார். கனமான பாதுகாப்புக் கண்ணாடி வாங்கியிருந்தேன். அதைப் போட வேண்டுமானால் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். உலகம் இதமாக மங்கியது. சந்தனக் காலாணி சட்டென்று உதிர்ந்தது. வாசம்கூட லேசாக வந்தது. அடியில் இரும்பு சொரசொரப்பாக, குழிகுழியாக இருந்தது. விரலால் தடவினேன். வருடக்கணக்காகச் சந்தனத்து ஈரம் அரித்து எடுத்திருக்கிறது, மூடநம்பிக்கை இரும்பைக்கூட விடாது என்று எனக்குள் ஒரு கட்டுரையின் முதல் பத்தியே ஓடியது. குழிகள் மறையும்வரை தேய்த்தேன். அரைமணி நேரம் இருக்கும். தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. பிரைமர் அடித்தேன். அதன்மேல் கறுப்பு.

அது துரு அரித்த குழி இல்லை. சேசிஸ் நம்பர்.

இது தெரியவந்தது ஆறு வாரம் கழித்து. அந்த ஆறு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு விடிகாலையில் ஆத்தூர் நீர்த்தேக்கம் வரை ஓட்டிப் போனேன். தாழ்ந்த ஹேண்டில்பாரில் குனிந்து போனதில், எதிரே வருபவர்களின் முழங்கால்களை மட்டும் பார்த்தபடி சென்றேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் இறங்க முடியவில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் பக்கவாட்டில் சரிந்து இறங்கினேன். "என்னண்ணே, அடிபட்டுருச்சா?" என்றார். இல்லை, இது வண்டியின் அமைப்பு என்றேன். தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். வலி உயிர் போனது. அப்படி ஒரு காலையை அதற்கு முன் பல வருடம் நான் பார்த்ததில்லை.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரதி ஒட்ட வேண்டும். வண்டியில் பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும், அதைத்தான் ஒட்டுவது. முந்தைய இரண்டு தடவையும் மெக்கானிக்தான் எடுத்தார். சந்தனத்தை ஓரத்தில் நெம்பி எடுத்து, அடியில் இருந்த இலக்கங்களைப் பிரதி எடுத்துவிட்டு, அதை அப்படியே திரும்ப அப்பியிருக்கிறார். அப்போது நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எண்ணைக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். இரும்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. ஒரு இலக்கம் மாறியிருக்கிறது என்று எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய கை என்னுடையது.

மெக்கானிக் தாளும் பென்சிலும் கொண்டு வந்தார். மனைவி ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள். அதை அவள் பட்டுச்சேலைகளுக்கு நடுவில், அந்துருண்டை போட்டு வைத்திருப்பாள். மெக்கானிக் வண்டிக் கழுத்தின் வலது பக்கம் தாளை வைத்துத் தேய்த்தார். வெறும் சாம்பல் நிறம் வந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். இடது பக்கம் போய்த் தேய்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இங்கன ஒண்ணும் பண்ணலேல?"

தேய்த்தேன் என்றேன்.

"எம்புட்டு தேச்சீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் புத்தகத்தைத் திறந்து எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, மெதுவாக வாசித்தாள். வாசித்தால் வந்துவிடும் என்பதுபோல. பிறகு சொன்னாள்: "அப்பா பொட்டு வைக்கிற எடம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி எடுத்த அன்று கடைக்காரர் மாமனாரிடம் அந்த இடத்தைக் காட்டி, இதுதான் வண்டிக்கு அடையாளம், ஊரில் இதேபோல ஆயிரம் வண்டி இருந்தாலும் இது உங்களுடையது என்று இந்த எண்தான் சொல்லும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாராம்: நம்பர் இருக்கிற இடம்தான் வண்டிக்கு நெற்றி. இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனோம். நல்ல மனிதர். தாளையும் பார்த்தார், கழுத்தையும் பார்த்தார், திமிலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நம்பர் இல்லாத சேசிஸ் அவரைப் பொறுத்தவரை திருட்டு வண்டி. இஞ்சின் நம்பர் இருந்து பயனில்லை. ஆசிட் வைத்து அழிந்த எண்ணை எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சமாவது இரும்பில் அச்சு மிச்சம் இருக்க வேண்டும். இங்கே அந்த அளவு கூட விடாமல் சிறப்பாக வேலை செய்திருக்கிறார்கள். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். உத்தியோகம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவை மூடினார்.

"வண்டி யாரு பேர்ல சார்?"

"மனைவி பேர்ல."

"அப்ப எழுதுனா கேஸு அவங்க மேலதான் வரும். நான் எதையும் பாக்கல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க."

திரும்பி வரும்போது குட்டியானையின் முன் இருக்கையில் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காக இரண்டு மூன்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். இன்னொரு வண்டி வாங்கி அவள் பெயரில் போடலாம் என்பது அவற்றில் ஒன்று. வீட்டு வாசலில் இறங்கும்போது அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"அது நீங்க வாங்குன வண்டியால்ல இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள். புத்தகம் பழையபடி சேலைகளுக்கு நடுவே போனது. நான்கு போல்ட் திமிலைக் கழற்றி அவளை ஒரு நாளும் அதில் உட்கார வைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவள் என் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள்.

"பஸ்லதான போறோம்?"

"கையில வச்சுக்கங்க. அப்பாட்ட வண்டி ரெடியாயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து நான் ஹெல்மெட்டோடு பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் முதல் வாரம் "வண்டி பஞ்சரா சார்?" என்று கேட்டார். இரண்டாவது வாரமும் கேட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, தலைக்கு மேலே இருக்கும் கம்பித் தட்டில் இடம் ஒதுக்கித் தருகிறார். ஸ்டாப்பில் இறங்கி, தென்னந்தோப்பு வழியாக நடந்து, வீடு கண்ணில் படும் இடத்தில் தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொள்கிறேன். இதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. என்ன முகத்தோடு சொல்வது?

மாமனாரின் கட்டிலுக்கு வாசல் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

"வாங்க மாப்ள. வண்டியிலயா வந்தீக? சத்தமே கேக்கலையே."

மனைவி தூக்குவாளியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு காத்திருந்தது.

"சைலன்சர் மாத்திட்டேன் மாமா. இப்ப சத்தமே வராது."

உண்மையில் அந்த சைலன்சர் போடும் சத்தத்துக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் புகார் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய முகம் மலர்ந்தது. எங்கே நிற்கிறது என்றார். ரோட்டு மேல், புளியமரத்து நிழலில் என்றாள் மகள். உட்கார வாகாக இருக்கிறதா என்று கேட்டார். "மெத்து மெத்துன்னு இருக்குப்பா" என்றாள். நன்றாகப் பொய் சொன்னாள். நான் இருபத்தாறு வருடம் அலுவலகத்தில் பொய்களைக் கேட்டவன். இவ்வளவு தடுமாற்றம் இல்லாத பொய்யைக் கேட்டதில்லை.

வந்து போகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மகளுடைய வண்டி வந்தால் காற்று வந்தது மாதிரிதான், வந்ததே தெரியாது என்று. மைத்துனர்களுக்கு விஷயம் தெரியும். புளியமரத்தடியில் நிற்காத வண்டியைத் தாண்டித்தான் அவர்கள் தினமும் போய்வருகிறார்கள். எதுவும் சொல்வதில்லை. அக்காவிடம் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து அவள் முன்னால் அவர்களுக்குப் பேச்சுக் குறைவு.

போன ஞாயிறு நாங்கள் உள்ளே நுழைந்தபோது உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்திருந்தாள். பெரிய மைத்துனர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "அக்கா, பாரு" என்றார். மாமனார் கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்தார். அந்தப் பெண்ணின் தோளை இன்னொரு கையால் பிடித்தார். கால் நடுங்கியது, தாடை நடுங்கியது. எழுந்து நின்றார். பத்து எண்ணுவதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் நின்றார். நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னவர்.

மூச்சு வாங்கியபடி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"சித்திரைக்குள்ள வாசலுக்கு வந்துருவேன் ஆத்தா. ஒன் வண்டிய நான் ஒரு தடவ பாத்துரணும்."

மனைவி அவர் வாயோரத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள். வந்துருவீகப்பா என்றாள். அந்தப் பெண், பெரியவருக்கு மனசில் ஒரு பிடிப்பு இருக்கிறது, அதுதான் எழுப்புகிறது, அதை விட்டுவிடாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெயில் தாழ்ந்து, இருபக்கமும் சோளக்காடு மஞ்சளாகக் கிடந்தது. நானாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அப்பா எழுந்து நின்றதில் சந்தோஷம்தானே என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை, நல்லவேளை.

"கட்டில்ல இருந்து பதினாலு எட்டு வச்சா வாசல் வந்துருது" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கெளம்பும்போது எண்ணிட்டுத்தான் வந்தேன்."